ஏயூ மைக்: இளம் ஃபிளேர் விண்மீனைப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அளப்பது பற்றிய கேள்விகள்

மகர ராசிக்குத் தெற்கே மைக்ரோஸ்கோப்பியம் என்ற மங்கலான விண்மீன் குழு இருக்கிறது. அதில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு விண்மீன்தான் ஏயூ மைக்ரோஸ்கோப்பி. சுருக்கமாக ஏயூ மைக். சிறிய தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர்கள் இந்த விண்மீனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ஃபிளேர் விண்மீன் என்றால் என்ன?

சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ சட்டென்று ஒளி ஏறி, பிறகு மெல்ல இறங்கிப் பழைய நிலைக்கே வந்துவிடும் விண்மீன். நமது சூரியனிலும் ஃபிளேர்கள், அதாவது சுடர்வீச்சுகள், எழுகின்றன. ஆனால் சூரியனின் மொத்த ஒளிக்கு முன்னால் அவை ஒன்றுமே இல்லை. சிவப்புக் குறு விண்மீன்களில் கதை வேறு: அடிப்படை ஒளியே குறைவு, சுடர்வீச்சோ பெரிது. ஆகவே மொத்த வெளிச்சமே கண்ணுக்குத் தெரியும்படி மாறுகிறது. 1948இல் பிரகாசம் பாய்ந்து பெயர்பெற்ற யூவி செட்டி என்ற விண்மீனின் பெயரால் இந்த வகை முழுவதையும் யூவி செட்டி வகை என்றே பட்டியல்களில் குறிக்கிறார்கள்.

நோவா, சூப்பர்நோவாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீடிப்பவை. ஃபிளேர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், விண்மீனுக்கும் எந்தச் சேதமும் இல்லை. அடுத்தது அன்று மாலையே வரலாம்.

ஃபிளேர் விண்மீன்கள் ஏராளமாக இருக்க, ஏன் இதையே பரிந்துரைக்கிறீர்கள்?

மூன்று காரணங்கள். முதலாவது, இது பக்கத்தில் இருக்கிறது: 31.7 ஒளியாண்டு. இன்று நீங்கள் பதிவு செய்யும் ஃபிளேர் ஏறக்குறைய 32 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. இரண்டாவது, இந்த வகையில் இது பிரகாசமானது. பச்சை–மஞ்சள் ஒளியை விடும் வி ஃபில்டரில் சுமார் 8.6 மேக்னிட்யூட் (ஒளி அளவு, எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்) இருப்பதால் நகரத்து வானத்திலும் சிறிய கருவியால் அளக்கலாம். மூன்றாவது நமது இருப்பிடம். இந்த விண்மீன் வான நடுக்கோட்டுக்கு 31 பாகை தெற்கே இருக்கிறது. லண்டனில் உச்சத்தில் நிற்கும்போதுகூட அது தொடுவானத்துக்கு மேல் 7 பாகைதான் வரும். பினாங்கில் 53 பாகை, கோலாலம்பூரில் 55 பாகை உயரத்தில் நிற்கும். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி, நாமோ அதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

விண்மீனின் அடிப்படை அளவுகள் என்ன?

நிறை சூரியனில் ஏறக்குறைய பாதி, ஆரம் முக்கால், மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3700 கெல்வின். மொத்த ஒளி சூரியனின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு. நிறமாலைப்படி எம்1 வகை, அதாவது சிவப்புக் குறு விண்மீன். 4.86 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. சூரியனுக்கு இதற்கு 25 நாள் பிடிக்கும். ஆரத்தையும் சுழற்சியையும் வைத்துக் கணக்குப் போட்டால் நடுக்கோட்டு வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டருக்கு அருகில் வரும், சூரியனில் இது 2 கிலோமீட்டர். எக்ஸ் கதிரில் சூரியனைவிட நூறு மடங்குக்கு மேல் ஒளிர்கிறது.

பாதி நிறைக்கு முக்கால் ஆரமா என்று கேட்பவர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். அதே நிறையுள்ள முதிர்ந்த விண்மீனின் ஆரம் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஏயூ மைக் இன்னும் சுருங்கி முடிக்கவில்லை, அந்த உப்பல் இளமையின் அடையாளம்.

அதன் வயது 22 மில்லியன் ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தனி விண்மீனின் வயதைக் கணிப்பது கடினம், ஒரே கூட்டத்தில் பிறந்தவற்றின் வயதைக் கணிப்பது எளிது. பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனும் அதைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் இன்னும் பல விண்மீன்களும் விண்வெளியில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஏயூ மைக் அந்தக் கூட்டத்தில் ஒன்று. கூட்டத்திலுள்ள எந்தெந்த விண்மீன்களில் லித்தியம் எரிந்து தீர்ந்துவிட்டது, எவற்றில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற எல்லையைப் பார்த்து மொத்தக் கூட்டத்துக்கும் 20 மில்லியனைச் சற்றுத் தாண்டிய வயதைக் கணித்திருக்கிறார்கள்.

சூரியனின் வயது 4.6 பில்லியன் ஆண்டு. சூரியனை 46 வயது மனிதராக வைத்துக்கொண்டால் ஏயூ மைக் பிறந்து 80 நாள் ஆன கைக்குழந்தை.

அதே கூட்டத்தைச் சேர்ந்த ஏடி மைக் என்ற இரட்டை விண்மீனும் பக்கத்திலேயே, வானத்தில் 1.3 பாகை தென்மேற்கில் இருக்கிறது. அதுவும் ஃபிளேர் விண்மீன்தான்.

இளமைக்கும் ஃபிளேருக்கும் என்ன சம்பந்தம்?

சுழற்சிதான் சம்பந்தம். விண்மீனுக்குள் கொதித்துப் புரளும் மின்னூட்ட வாயு, சுழற்சியோடு சேரும்போது காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. வேகமாகச் சுழன்றால் புலம் வலுக்கும். வயது ஏற ஏற, விண்மீன் காற்று வெளியே வீசி அந்தக் காந்தப்புலத்தின் வழியாகச் சுழற்சிக்குத் தடைபோட்டுக்கொண்டே வரும். ஆகவே முதிர்ந்த விண்மீன் மெதுவாகச் சுழலும், சாந்தமாகவும் இருக்கும். ஏயூ மைக்கில் மேற்பரப்பின் சராசரிக் காந்தப்புலம் 2000 காஸுக்கு (காந்தப்புல அலகு) மேல். சூரியனில் இந்த அளவு கரும்புள்ளிகளுக்குள் மட்டுமே காணப்படும்.

ஆனால் ‘ஃபிளேர் வந்தால் இளம் விண்மீன்’ என்று திருப்பிச் சொல்லக் கூடாது. நமக்கு மிக அருகிலுள்ள பிராக்ஸிமா சென்டாரி ஏறத்தாழ சூரியனின் வயதுடையது, இருந்தும் அடிக்கடி சுடர் வீசுகிறது. நிறை குறைந்த விண்மீன்கள் அடங்கிப்போக மிக நீண்ட காலம் எடுத்துக்கொள்கின்றன. வயதை உறுதிசெய்யக் கூட்டமும் லித்தியமும் வேண்டும், ஃபிளேர் மட்டும் போதாது.

ஃபிளேரைப் பிடிக்க நீல ஃபில்டர் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது விடுபடும் ஆற்றல், மின்துகள்களைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறது. அவை மோதும் இடம் 9000 முதல் 10,000 கெல்வின் வரை சூடேறுகிறது. 3700 கெல்வின் மேற்பரப்பில் 10,000 கெல்வின் திட்டு. செங்கனலாய்க் கிடக்கும் அடுப்புக் கரியின் மேல் வெல்டிங் பொறி விழுந்தது போல.

சாதாரணக் கரும்பொருள் கதிர்வீச்சுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விண்மீனின் தெரியும் வட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் 10,000 கெல்வினுக்குச் சூடேறியதாக வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டின் ஆரம் சுமார் 16,500 கிலோமீட்டர், பூமியின் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு. மொத்த ஒளி எவ்வளவு கூடும்? 800 நானோமீட்டர் அகச்சிவப்புப் பக்கம் இரண்டரை விழுக்காடு. பச்சை–மஞ்சள் வி ஃபில்டரில் 9 விழுக்காடு. நீல பி ஃபில்டரில் 27 விழுக்காடு. புறஊதா யூ ஃபில்டரில் 80 விழுக்காட்டுக்கு மேல். ஒரே ஃபிளேர்தான், ஃபில்டரை மாற்றியதால் ஒருவருக்குத் துள்ளலாகத் தெரிவது இன்னொருவருக்கு இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது.

அப்படியானால் யூ ஃபில்டர்தானே சிறந்தது? கொள்கையளவில் ஆம். நடைமுறையில் சிறிய தொலைநோக்கிகளின் கண்ணாடி வில்லைகள் புறஊதாவை விழுங்கிவிடுகின்றன, பெரும்பாலான சிமாஸ் சென்சர்களும் அங்கே மந்தம், நமது ஈரமான புகைமூட்ட வானமும் அதையே முதலில் உறிஞ்சுகிறது. எனவே பி ஃபில்டர்தான் நமக்கான நடுவழி. ஃபில்டர் இல்லாமல் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விண்மீனின் சிவப்பு ஒளி வெள்ளமாக வந்து ஃபிளேரின் நீல ஒளியை அமுக்கிவிடும்.

ஃபிளேர் இல்லாத நேரத்திலும் ஒளி மாறுகிறதே?

மாறத்தான் செய்யும். பெரிய கரும்புள்ளிக் கூட்டங்கள் சுழற்சியோடு வந்து போவதால் 4.86 நாள் சுழற்சியில் ஒளி ஏறி இறங்குகிறது. 1971இல் இந்த ஏற்ற இறக்கம் வி ஃபில்டரில் 0.3 மேக்னிட்யூட் வரை இருந்தது, 1980 வாக்கில் 0.1 அளவுக்குச் சுருங்கியது. ஒரே இரவில் இது மெல்லிய சாய்வாகத்தான் தெரியும். நேற்றைய சராசரிக்கும் இன்றைய சராசரிக்கும் 0.05 வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், கருவியையும் குறை சொல்ல வேண்டாம்.

அதைச் சுற்றிக் கோள்கள் இருப்பது உண்மையா?

உண்மை, தூசுத் தட்டும் இருக்கிறது. 2004இல் பால் கலாஸ், மைக்கேல் லியூ, பிரெண்டா மேத்யூஸ் மூவரும் ஹவாயின் மவுனா கியா சிகரத்திலுள்ள 2.2 மீட்டர் தொலைநோக்கியால் இந்தத் தட்டைப் படம்பிடித்ததை அறிவித்தார்கள். தட்டு நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. தோசையைக் கண் மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பார்ப்பது போல ஒரு கோடாகத் தெரியும். 2015இல் ஹபிள் படங்களையும் சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியின் படங்களையும் ஒப்பிட்டபோது அந்தக் கோட்டின்மேல் அலைபோன்ற வீக்கங்கள் வேகமாக வெளியே நகர்வது தெரியவந்தது.

கோள்களைத் தேட 2018 ஏப்ரலில் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் அதே ஆண்டு இந்த விண்மீனை உற்றுப் பார்த்தது. அந்தப் பதிவும் ஸ்பிட்சர் விண் தொலைநோக்கியின் பதிவும் சேர்ந்து, 2020இல் ஏயூ மைக் பி என்ற கோளை உறுதிப்படுத்தின. நெப்டியூனை ஒத்த பருமன், சுற்றிவர 8.46 நாள். விண்மீனிலிருந்து சுமார் 97 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், ஃபிளேர்களின் நேரடி வீச்சுக்குள் சுற்றுகிறது. அடுத்து 18.86 நாள் சுற்றுக்காலமுள்ள ஏயூ மைக் சி கண்டுபிடிக்கப்பட்டது. ஹபிள் தொலைநோக்கியால் பி கோளைக் கவனித்தபோது ஒரு கடப்பின்போது (கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது) ஹைட்ரஜன் வெளியேறும் அறிகுறி இல்லை, வேறொரு கடப்பின்போது தெளிவாக இருந்தது. விண்மீனின் காற்றும் கதிர்வீச்சும் கோளின் வளிமண்டலத்தைச் சீரற்ற முறையில் உரித்தெடுக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு கோள் குடும்பத்தின் தொட்டில் பருவத்தை இவ்வளவு அருகில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

அதன் ஃபிளேரால் பூமிக்கு ஆபத்து உண்டா?

இல்லை. 31.7 ஒளியாண்டு என்பது சூரியன் இருக்கும் தூரத்தைப்போல் சுமார் 20 லட்சம் மடங்கு.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்?

பினாங்குக் கணக்கு இது, கோலாலம்பூரில் எல்லாமே ஐந்தாறு நிமிடம் முந்தி நடக்கும். ஆகஸ்டு தொடக்கத்தில் பின்னிரவு 1.25 மணிக்கு உச்சம். செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 11.25. அக்டோபர் தொடக்கத்தில் 9.30. உச்சத்துக்கு முன்னும் பின்னும் 3 மணி 20 நிமிடம் வரை 30 பாகைக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே போனால் பி ஃபில்டரில் அளப்பதில் பயனில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் இரவு எட்டரைக்குத் தொடங்கிப் பின்னிரவு இரண்டரை வரை இடைவிடாமல் ஆறு மணி நேரம் கிடைக்கும், ஆண்டிலேயே சிறந்த வாரங்கள் அவை.

வானிலை அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை ஓரளவு வறண்டிருக்கும். ஆனால் அதே காலத்தில்தான் சுமத்ராவின் கரிநிலத் தீப் புகை வந்து சேரும். புகைமூட்டம் நீலத்தையே அதிகம் தின்னும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய இரவில் பி ஃபில்டர் வேலையை விட்டுவிடுவது நல்லது. அக்டோபர் பாதிக்கு மேல் மாலை இடிமழை ஆரம்பித்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: ‘சுமத்ராஸ்’ எனப்படும் புயல்வரிசை மலாக்கா நீரிணை வழியாகப் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வரும். நள்ளிரவுக்கு மேல் கருவியைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே மேற்கே மின்னல் தெரிந்தால் மூடிவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பினாங்குத் தீவின் தெற்குக் கரையிலுள்ள தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் பக்கம் தெற்கே கடல் விரிந்து கிடப்பதால் தென்வானம் திறந்திருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் இதற்காகவே போர்ட் டிக்சன் வரை ஓட வேண்டியதில்லை. 8.6 மேக்னிட்யூட் விண்மீனுக்கு நகர வெளிச்சம் துல்லியத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர வேலையைக் கெடுக்காது. கெடுப்பது மேகம்தான்.

அடுக்குமாடி வீட்டுப் பால்கனியிலிருந்து முடியுமா?

தெற்கு பார்த்த பால்கனி என்றால் முடியும். சிக்கல் மேல்மாடித் தளம். உங்கள் தொலைநோக்கிக்கு மேலே தளம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். விண்மீன் 55 பாகை உயரத்தில் நிற்கும்போது தெரிய, கருவி தளத்தின் விளிம்பிலிருந்து 1.25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்குள் வைத்தால் கவலையில்லை. ஏர்கான் வெளிப்பெட்டியின் சூடான காற்று பார்வைக் கோட்டின் குறுக்கே வராதபடி பாருங்கள், விண்மீன் உருவம் கொதிப்பதற்கு அது பெரிய காரணம். பால்கனியில் ஆள் நடந்தால் தரை அதிரும். பதிவு ஓடும்போது உள்ளே இருந்துவிடுங்கள்.

வானத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தனுசு ராசியின் கெண்டி வடிவத்துக்கும் ஃபோமல்ஹாட் என்ற விண்மீனுக்கும் இடையே, மகரத்துக்குக் கீழே உள்ள வெறிச்சோடிய பகுதி. ஆல்ஃபா மைக்ரோஸ்கோப்பி என்ற 5ஆம் மேக்னிட்யூட் விண்மீனுக்கு இரண்டரைப் பாகைக்குச் சற்று மேல் வடக்கே தேடுங்கள். ஆயத்தொலைவுகள்: வலஏற்றம் 20 மணி 45 நிமிடம் 10 நொடி, நடுவரை விலக்கம் தெற்கு 31 பாகை 20 நிமிடம். நகரத்தில் கண்ணால் தாவிப்போவது வீண் முயற்சி. ஒரு படம் எடுத்து மென்பொருளில் பிளேட் சால்வ் செய்து, அதாவது படத்திலுள்ள விண்மீன்களை வைத்து இடத்தைக் கண்டறிந்து, மையத்துக்குக் கொண்டுவருவதே சரி.

என்ன கருவி வேண்டும்?

100 மில்லிமீட்டர் தொலைநோக்கி, கறுப்பு–வெள்ளைச் சிமாஸ் கேமரா, பி ஃபில்டர் என்றால் 20 நொடிப் படம் ஒவ்வொன்றிலும் 1 விழுக்காட்டுத் துல்லியத்தை எட்டலாம். ஒளியணுக்களின் எண்ணிக்கையால் வரும் பிழையும் காற்றின் மினுக்கலால் வரும் பிழையும் இந்த அளவில் ஏறக்குறைய சமம், அரை விழுக்காட்டுக்குச் சற்றே முன்பின். மீதியை ஈரக்காற்றும் மெல்லிய மேகமும் எடுத்துக்கொள்ளும்.

தாங்கியில்தான் நமது அட்சரேகையின் தொல்லை. துருவ விண்மீன் பினாங்கில் 5 பாகை, கோலாலம்பூரில் 3 பாகை உயரத்தில் மரத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் மறைந்து கிடக்கும். தாங்கியின் அச்சை வான துருவத்துக்கு நேராக்கும் துருவ ஒழுங்கை மென்பொருள் வழியாகவோ, விண்மீன் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையிலோதான் செய்ய முடியும். அந்த அச்சைச் சுற்றித் திரும்பும் ஈக்குவட்டோரியல் தாங்கிகள் பல 10 பாகைக்குக் கீழே தாழாது. தாழ்ந்தாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குவதற்கு முன் அந்தத் தாங்கி 3 பாகை வரை தாழுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வடக்கே ஒரு கால் வராதபடி முக்காலியைத் திருப்பி வைத்து, தண்டு இடிக்கும் நிலைகளைப் பகலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

மேல்–கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்–அஸ் தாங்கி போதுமா? போதும். விண்மீன் உச்சத்தில் இருக்கும்போது படப்புலம் மணிக்கு 25 பாகை சுழலும், 20 நொடிக்கு அது 0.14 பாகைதான். தனிப்படம் கெடாது. ஆனால் ஒப்பீட்டு விண்மீன்கள் (ஒளி மாறாத பக்கத்து விண்மீன்கள்) சென்சர்மேல் வட்டமாக நகரும் என்பதால் ஃபிளாட் படங்கள் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படங்கள்) மிக ஒழுங்காக இருக்க வேண்டும்.

இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டும். பனி ஹீட்டர் பட்டை இல்லாமல் தொடங்காதீர்கள். வில்லையில் பனி படிவது விண்மீன் மெதுவாக மங்குவதாகவே தெரியும், ஒப்பீட்டு விண்மீன்களும் சேர்ந்து மங்கும் வரை பலர் அதைக் கவனிப்பதில்லை.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். பயன்படுமா?

பெரிய ஃபிளேர்களுக்குப் பயன்படும். 50 மில்லிமீட்டர் துளை, வண்ண சென்சர், 10 நொடிப் படம். நீலப் புள்ளிகளை மட்டும் பிரித்து மூன்று மூன்று படமாகக் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கிடைக்கும். 0.1 மேக்னிட்யூட் துள்ளல் தெளிவாகத் தெரியும். பச்சைப் புள்ளிகளில் இரைச்சல் குறைவு என்று அங்கே போகாதீர்கள், ஃபிளேரும் அங்கே மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஒவ்வொரு தனிப்படத்தையும் சேமிக்கும் அமைப்பைக் கட்டாயம் இயக்குங்கள். செயலி அடுக்கித் தரும் அழகான ஒற்றைப் படம் அளவீட்டுக்கு ஆகாது. ஐந்து நிமிட ஃபிளேர் ஒரு மணி நேரச் சராசரிக்குள் கரைந்துபோகும்.

டிஎஸ்எல்ஆர் கேமராவும் 200 மில்லிமீட்டர் லென்ஸும் இருப்பவர்களுக்கு வேறொரு வசதி உண்டு: ஏயூ மைக், ஏடி மைக் இரண்டும் ஒரே படத்துக்குள் அடங்கும். ஒரு வலையில் இரண்டு மீன்.

பதிவை எப்படிச் செய்வது?

கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசையுங்கள். விண்மீன் உருவம் 10 பிக்சல் அகலத்துக்கு வரும்படி ஃபோகஸைச் சற்று மழுக்குங்கள். கூர்மையான புள்ளி அழகாக இருக்கும், அளவீட்டுக்குத்தான் உதவாது. பிறகு வெளிச்சமேற்பு நேரம்: 15 முதல் 20 நொடி. உச்ச எண்ணிக்கை சென்சர் கொள்ளளவில் பாதியைத் தாண்டக் கூடாது. ஃபிளேர் வந்து ஒளி இருமடங்கானாலும் நிரம்பி வழியாமலிருக்க அந்த இடம் வேண்டும், நிரம்பி வழிந்த ஃபிளேர் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாததுதான். இடையில் ஃபில்டரை மாற்றாதீர்கள். பி, வி என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஃபிளேரின் ஏற்றம் இடைவெளியில் விழுந்துவிடும். தானியங்கி ஃபோகஸையும் நிறுத்திவையுங்கள். இரவு முழுக்க ஒரே அமைப்பு. விடியலில் ஃபிளாட்டும் டார்க்கும் (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்).

அளவிட ஆஸ்ட்ரோ இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம், போதுமானது. ஒப்பீட்டு விண்மீன்களை மாறும் விண்மீன் பார்வையாளர்களின் அமைப்பான ஏஏவிஎஸ்ஓவின் வரைபடத்திலிருந்து எடுங்கள். அதில் கூடுமானவரை சிவந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஏயூ மைக்கின் பி–வி நிறக்குறியீடு (பி, வி மேக்னிட்யூட்களின் வித்தியாசம், கூடினால் சிவப்பு) 1.4ஐத் தாண்டியது. பி–வி 0.5 உள்ள வெளிர் விண்மீனோடு ஒப்பிட்டால், உயரம் 53 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்கும்போது காற்றின் நிறத் தேர்வால் மட்டுமே 0.02 மேக்னிட்யூட் அளவுக்குப் பொய்யான சாய்வு வரும். ஒளி மாறாத வேறொரு விண்மீனையும் சோதனை விண்மீனாகச் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

ஒரு துள்ளல் தெரிகிறது. அது ஃபிளேர்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் சந்தேகப்படுங்கள். ஃபிளேருக்கு ஒரு முகம் உண்டு: செங்குத்தான ஏற்றம், பிறகு முதலில் விரைவாகவும் அடுத்து இழுவையாகவும் இறக்கம். குறைந்தது மூன்று அடுத்தடுத்த புள்ளிகளாவது மேலே இருக்க வேண்டும். சோதனை விண்மீன் அசையாமல் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளினால் படத்தைத் திறந்து பாருங்கள். செயற்கைக்கோள் கோடோ, பாயான் லெப்பாசில் இறங்கும் விமானமோ, காஸ்மிக் கதிர்ப் புள்ளியோ இருக்கும். பின்னணி வெளிச்சமும் சேர்ந்து ஏறியிருந்தால் தொலைதூர மின்னல். நமது ஊரில் இது அடிக்கடி நடக்கும், தெரியாதவர்களை ஏமாற்றும். ஒப்பீட்டு விண்மீன்களின் நேரடி எண்ணிக்கை 30 விழுக்காட்டுக்கு மேல் விழுந்த படங்கள் எல்லாமே மேகம், தயங்காமல் நீக்குங்கள். உச்சத்தைத் தாண்டும்போது தாங்கி மறுபக்கம் புரண்டால் படிக்கட்டு போல ஒரு மாற்றம் வரும். அது திரும்ப இறங்காது, ஃபிளேர் இறங்கும். மெதுவான ஏற்றத்துடன் மெதுவான இறக்கம், சமச்சீரான கூம்பு வடிவம் என்றால் பெரும்பாலும் மெல்லிய மேகம் ஒப்பீட்டு விண்மீனைக் கடந்து போயிருக்கிறது.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டி நின்ற துள்ளலை மட்டும் ஃபிளேர் என்று எழுதுங்கள். பத்துப் பொய் ஃபிளேர்களை அனுப்புவதைவிட ஒரு மெய் ஃபிளேரை விட்டுவிடுவது மேல்.

எத்தனை இரவில் ஒன்று கிடைக்கும்?

டெஸ் பதிவுகளில் ஃபிளேர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. 2020இல் 20 நொடி இடைவெளியில் பதிவு செய்தபோது, பழைய இரண்டு நிமிடப் பதிவில் தெரியாத சிறிய ஃபிளேர்களும் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை தரையிலிருந்து சிறு கருவியால் காண முடியாத அளவு சிறியவை. பெரியவை அரிது: 1992 ஜூலையில் இயூவிஇ என்ற புறஊதாச் செயற்கைக்கோள் பதிவு செய்தது போன்றவை. ஆகவே வெறுங்கையோடு முடியும் இரவுகளே அதிகம். 20 மணி நேரப் பதிவு சேரும் வரை முடிவுக்கு வராதீர்கள். ஃபிளேர் இல்லாத ஆறு மணி நேரமும் தரவுதான். எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை ஃபிளேர் என்ற கணக்கில் அந்த மணி நேரங்கள் இல்லாவிட்டால் வகுப்பதற்கு எண்ணே கிடையாது.

கோள் கடப்பதை என் தொலைநோக்கியால் பார்க்க முடியுமா?

ஏயூ மைக் பி கடக்கும்போது ஒளி கால் விழுக்காடுதான் குறைகிறது, மூன்றரை மணி நேரம். 200 மில்லிமீட்டர் தொலைநோக்கி, அகச்சிவப்புப் பக்க ஐ ஃபில்டர், நல்ல இரவு மூன்றும் கூடினால் எட்டலாம். ஃபிளேர் நீலத்தில் பெரிதாகத் தெரிவதால் இங்கே ஃபில்டர் தேர்வு தலைகீழ். கோளைத் தேடும்போது ஃபிளேர் ஓர் இடைஞ்சல், ஆகவே சிவப்புப் பக்கம் போக வேண்டும். ஃபிளேரில் கை பழகிய பிறகு முயலுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்ன செய்வது?

பினாங்கில் வானம் மிகத் தெளிவாக இருப்பது ஜனவரி, பிப்ரவரியில்தான். அப்போது ஏயூ மைக் சூரியனோடு சேர்ந்து பகலில் போய்விடும். அந்த மாதங்களுக்கு இரண்டு விண்மீன்கள். ஏடி லியோனிஸ் சிம்ம ராசியில், 16.2 ஒளியாண்டில், வி 9.4, பினாங்கில் 75 பாகை உயரம் வரை ஏறும். 1985 ஏப்ரல் 12 அன்று அதில் எழுந்த பெரிய ஃபிளேர் இன்றும் ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே தொல்லை, 2ஆம் மேக்னிட்யூட் விண்மீனான அல்ஜீபா அதிலிருந்து ஐந்தரை வில்நிமிடத்தில் கண்ணைக் கூசவைக்கிறது. பின்னணி வானத்தை அளக்கும் வளையத்தை அதன் ஒளிவட்டத்துக்கு வெளியே வைக்க வேண்டும். மற்றது ஒய்இசட் கேனிஸ் மைனாரிஸ், 19.5 ஒளியாண்டு, வி 11.2. அதன் நடுவரை விலக்கம் வடக்கு மூன்றரைப் பாகை என்பதால் கோலாலம்பூரில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே கடக்கும். ஆல்ட்–அஸ் தாங்கிகள் அந்த நேரத்தில் தடுமாறும், உச்சத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முடிவுகளை எங்கே, எப்படி அனுப்புவது?

ஏஏவிஎஸ்ஓ தரவுத்தளம் தனிநபர் பதிவுகளை ஏற்கிறது. கணக்கு தொடங்கி பார்வையாளர் குறியீடு பெற்றுக்கொண்டு, அவர்களுடைய விரிவான வடிவத்தில் கோப்பைப் பதிவேற்ற வேண்டும். ஃபில்டரை ‘பி’ என்று சரியாகக் குறியுங்கள். வண்ண சென்சரின் நீலப் புள்ளிகள் என்றால் அதற்கான தனிக் குறியீட்டையே கொடுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

நேரத்தில் மிகக் கவனம். தரவுத்தளம் கேட்பது உலகப் பொது நேரத்தில் ஜூலியன் நாள் (நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை). மலேசிய நேரத்திலிருந்து 8 மணியைக் கழிக்க மறப்பது மிகச் சாதாரணமான தவறு. இன்னொன்று, பூமி சூரியனைச் சுற்றுவதால் இதே ஃபிளேரின் ஒளி நம்மை எட்டும் நேரம் ஆண்டு முழுக்க 8 நிமிடம் வரை முன்பின்னாகும். சூரிய மையத் திருத்தம் செய்தீர்களா, செய்யவில்லையா என்பதைக் கோப்பில் எழுதுங்கள். வேறொரு நாட்டிலோ விண்கலத்திலோ அதே ஃபிளேரைப் பதிவு செய்தவர் உங்கள் வளைகோட்டைத் தன்னுடையதன்மேல் வைத்துப் பார்க்கும்போது, அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டும் பொருந்தாது.